சக்கரச் சூடு கண்டறிதலின் வரலாறு

ஓடும் வண்டியின் ஒரு சக்கரத்தின் நடுப்பகுதியான குடமோ, அதனோடு சேர்ந்த அச்சு முனையோ மற்றச் சக்கரங்களைவிட மிகுதியாக வெப்பமடைவது சக்கரச் சூடு எனப்படும். இதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் உண்டு. அச்சைத் தாங்கும் பேரிங்கில் உராய்வு மிகுவது ஒன்று. பிரேக் முழுதாக விடுபடாமல் சக்கரத்தைப் பற்றிக்கொண்டே இருப்பது மற்றொன்று. இந்திய ரயில்வே ஊழியர்கள் முதலாவதை 'ஹாட் ஆக்சில்' என்றும் இரண்டாவதை 'பிரேக் பைண்டிங்' என்றும் குறிப்பிடுகின்றனர்.

ஓடுகிற எல்லாச் சக்கரங்களும் ஓரளவு சூடாகவே இருக்கும். அதனால் எந்தச் சூடு இயல்பானது, எது ஆபத்தானது என்று பிரித்தறிவதே இக்கோளாறில் கடினமான பகுதி. அதற்கான வழிமுறைகள் பெரும்பாலும் ரயில் பாதைகளில்தான் உருவாயின.

எண்ணெயும் பஞ்சும்

19ஆம் நூற்றாண்டின் ரயில் பெட்டிகளில் அச்சின் இரு முனைகளும் சக்கரத்துக்கு வெளியே நீண்டு, ஓர் இரும்புப் பெட்டிக்குள் சுழன்றன. பெட்டியின் சுமை ஒரு பித்தளைக் கட்டை வழியாக அச்சு முனையின் மேல் இறங்கியது. அந்தக் கட்டையின் உட்புறத்தில் பாபிட் உலோகம் பூசப்பட்டிருக்கும். வெள்ளீயம், ஆண்டிமனி, செம்பு ஆகியவை கலந்த இந்த மென்மையான உலோகம், 1839இல் அமெரிக்கரான ஐசக் பாபிட் காப்புரிமை பெற்ற தாங்கி அமைப்பிலிருந்து பரவியது. அச்சு முனையின் கீழே எண்ணெயில் ஊறிய பஞ்சுக் கழிவு திணிக்கப்பட்டது. விளக்குத் திரிபோல அது எண்ணெயை மேலே இழுத்து அச்சுக்குக் கொடுத்தது.

எண்ணெய் குறைந்தாலோ, பஞ்சு இழை ஒன்று கட்டைக்கும் அச்சுக்கும் இடையே சிக்கிக்கொண்டாலோ, எண்ணெய்ப் படலம் அறுந்துவிடும். உராய்வு மிகுந்து பாபிட் உலோகம் உருகும், பஞ்சு தீப்பற்றும். வண்டி நிற்காமல் போனால், பழுக்கக் காய்ந்த அச்சு முனை முறிந்து சக்கரம் கழன்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க அன்று மனிதப் புலன்களே கருவிகளாக இருந்தன. வண்டியின் கடைசிப் பெட்டியில் இருந்த ஊழியர்கள் வளைவுகளில் முன்னே எட்டிப் பார்த்துப் புகையைத் தேடினர். நிலைய ஊழியர்கள் கடந்து செல்லும் வண்டியைப் பார்த்து நின்றனர். வண்டி நின்றதும் ஆய்வாளர்கள் ஒவ்வொரு அச்சுப்பெட்டியிலும் கை வைத்துப் பார்த்தனர். ஒரு பெட்டி மட்டும் கை வைக்க முடியாத அளவு சுட்டால், பக்கத்துப் பெட்டிகளின் சூடே அதற்கு அளவுகோல். இந்த ஒப்பீட்டு முறை பிற்காலக் கருவிகளிலும் தொடர்ந்தது.

உருளைத் தாங்கிகள்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன், 1898இல் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். வழுக்கும் உராய்வுக்குப் பதிலாக உருளும் அசைவைக் கொண்ட இத்தாங்கி, மேலிருந்து வரும் சுமையையும் பக்கவாட்டில் வரும் விசையையும் சேர்த்தே தாங்கியது. மோட்டார் வாகனங்கள் இதை விரைவில் ஏற்றுக்கொண்டன. ரயில்வே தயங்கியது. அதை நம்பவைக்க, எல்லா அச்சுகளிலும் உருளைத் தாங்கி பொருத்திய 1111 என்ற எண்ணுள்ள நீராவி எஞ்சினை டிம்கன் நிறுவனம் 1930இல் செய்வித்துப் பல ரயில் நிறுவனங்களின் பாதைகளில் ஓட்டிக்காட்டியது. ஆயினும் லட்சக்கணக்கான சரக்குப் பெட்டிகளை மாற்றும் செலவு பெரிது. பழைய தாங்கிகள் பல பத்தாண்டுகள் நீடித்தன.

தண்டவாள ஓரக் கருவிகள்

1950களின் நடுப்பகுதியில் அகச்சிவப்புக் கதிர்களை உணரும் கருவிகள் அமெரிக்கத் தண்டவாளங்களின் ஓரத்தில் வைக்கப்பட்டன. கடந்து செல்லும் ஒவ்வொரு அச்சுப்பெட்டியின் வெப்பமும் காகிதச் சுருளில் ஒரு சிறு கோடாகப் பதிந்தது. வரிசையில் தனியே உயர்ந்து நிற்கும் கோட்டை ஊழியர் தேடினார். ஆனால் நல்ல நிலையில் உள்ள உருளைத் தாங்கியே பழைய தாங்கியைவிட மிகுந்த வெப்பத்தைக் காட்டியது. ஆகவே கோட்டின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியவில்லை. ஒரே அச்சின் இடது முனையையும் வலது முனையையும் ஒப்பிடும் வழக்கம் இதனால் முக்கியத்துவம் பெற்றது.

மிசிசாகா, 1979

1979 நவம்பர் 10 நள்ளிரவுக்குச் சற்று முன், கனடாவின் மிசிசாகா நகரில் 106 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில் தடம் புரண்டது. 33ஆவது பெட்டியில் பழைய வகைத் தாங்கி ஒன்று எண்ணெயின்றிச் சூடேறி அச்சு முறிந்ததே காரணம். புரொப்பேன் தொட்டிகள் வெடித்தன. குளோரின் ஏற்றிய தொட்டி ஒன்றும் சேதமடைந்ததால், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு ஏதுமில்லை. நீதிபதி சாமுவேல் கிரேஞ்ச் இவ்விபத்தை விசாரித்தார். பழைய தாங்கிகளைக் கைவிட வேண்டும், சூடு காணும் கருவிகளைப் பெருக்க வேண்டும் என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது.

ஈஸ்ட் பாலஸ்தீன், 2023

2023 பிப்ரவரி 3 இரவு, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சிற்றூரில் நார்போக் சதர்ன் நிறுவனத்தின் சரக்கு ரயில் தடம் புரண்டது. இம்முறை பழுதானது உருளைத் தாங்கி. வழியில் மூன்று கருவிகள் அதை அளந்திருந்தன. முதல் கருவியில் அது சுற்றுப்புறக் காற்றைவிட 38 பாகை பாரன்ஹீட் கூடுதலாக இருந்தது. ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தாண்டி, சேலம் என்ற ஊரில் 103 பாகை. மேலும் 30 கிலோமீட்டர் போல் கடந்து, ஈஸ்ட் பாலஸ்தீனில் 253 பாகை.

நிறுவனத்தின் விதிப்படி, சூடு 170 பாகையைத் தாண்டினால் வண்டியை நிறுத்திச் சோதிக்க வேண்டும். 200 பாகையைத் தாண்டினால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். முதல் இரண்டு அளவுகளும் இந்த எல்லைகளுக்குள் இருந்தன. சேலத்தில் பதிவான அளவு குறைந்த முன்னுரிமை எச்சரிக்கையாக அலுவலகத்துக்கு மட்டுமே சென்றது. மூன்றாவது கருவியின் அபாய ஒலி ஓட்டுநர்களை எட்டியபோது நேரம் கடந்துவிட்டது. 38 பெட்டிகள் தடம் புரண்டன. மூன்று நாள் கழித்து ஐந்து தொட்டிகளிலிருந்த வினைல் குளோரைடு திறந்துவிடப்பட்டு எரிக்கப்பட்டது. அது தேவையற்ற செயல் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024இல் முடிவு கூறியது.

38, 103 ஆகிய இரு எண்களும் தனித்தனியே அச்சமூட்டுபவை அல்ல. குறைந்த தொலைவில் ஒன்று மற்றொன்றாக உயர்ந்ததே அபாயத்தின் அடையாளம். அதோடு, வெளியிலிருந்து அளக்கும் கருவி தாங்கியின் உள்வெப்பத்தை முழுமையாகக் காட்டுவதில்லை.

மோட்டார் வாகனங்களில்

கார்களில் பிரேக் வேலை முடிந்தபின் ஒரு சக்கரம் மட்டும் சூடேறும்போது எழும் கேள்வியும் இதுவே. பழைய மாதிரிகள் பலவற்றில் முன் சக்கர பிரேக் தட்டு குடத்தோடு இணைந்திருந்தது. தட்டை மாற்ற, கூம்புருளைத் தாங்கிகளைக் கழற்றி, கிரீஸ் இட்டு, மீண்டும் நட்டை இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால், புதிய பிரேக் நன்றாக இருந்தும் தாங்கி சூடேறும். பின்னாளில் வந்த மூடிய குட அமைப்புகள் இந்த இறுக்கத்தைத் தொழிற்சாலையிலேயே நிர்ணயித்துவிட்டன.

பணிமனைகளில் முதலில் இடது, வலது சக்கரங்களின் வெப்பம் கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியால் ஒப்பிடப்படுகிறது. பின்னர் வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரம் சுற்றிப் பார்க்கப்படுகிறது. கடினமாகச் சுற்றும் சக்கரம், பிரேக் திரவக் காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தியதும் விடுபட்டால், குழாயில் அழுத்தம் தங்கியிருக்கிறது என்று பொருள். அப்போதும் விடுபடாவிட்டால் பிஸ்டன், நகரும் ஊசிகள், கைப்பிரேக் கம்பி ஆகியவற்றில் ஒன்று சிக்கியிருக்கலாம். பிரேக் கட்டைகளை எடுத்தபின்னும் சக்கரம் கரகரவென்று சுற்றினால் கோளாறு தாங்கியில் உள்ளது. சிறிது தூரம் ஓட்டி மீண்டும் அளக்கும்போது ஒரு பக்கத்தின் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போனால், அளவு இன்னும் சிறிதாக இருந்தாலும் வண்டியை நிறுத்துவதே பாதுகாப்பானது.