விறாந்தை மேசையிலிருந்து ரோலர் வரை

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், முப்பத்தொரு வருசம் பிட்டராக இருந்தேன். என் கை அதிகம் பட்டது ரோலரில்தான். வட்ட மேசை, அதில் பிறை பிறையாகப் பித்தளைப் பட்டிகள், மேலே அடியில்லாத அண்டா மாதிரி ஜாக்கெட். மூன்று கிராங்குகள் ஜாக்கெட்டைச் சுற்ற, வாடிய கொழுந்து உள்ளே புரண்டு முறுக்கேறும். மூடியை இறக்க இறக்க அழுத்தம் கூடும்.

அந்தச் சுற்று எங்கிருந்து வந்தது? மனிதக் கையிலிருந்துதான் என்பேன். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், பங்களா விறாந்தையில் மேசை போட்டுத்தான் கொழுந்தை உருட்டவைத்தார். தொழிலாளிகள் மணிக்கட்டு தொடங்கி முழங்கை வரை முன்கை முழுவதையும் வைத்து உருட்டினார்கள். பிறகு மண் அடுப்பு, கரி நெருப்பு, கம்பித் தட்டு. 1872இல் டெய்லர் உருட்டும் இயந்திரம் ஒன்றைத் தானே அமைத்தார். மறு வருசம் அவருடைய தேயிலை 23 இறாத்தல் இலண்டனுக்குப் போனது. கோப்பியை இலை நோய் தின்றுகொண்டிருந்த காலம் அது.

கை உருட்டலை இயந்திரமாக்கும் அதே வேலை அசாமிலும் நடந்தது. ரோலர் அமைத்தவர்களான கின்மண்டும் வில்லியம் ஜாக்சனும் தேயிலை உருட்டும் இயந்திரத்துக்காக 1870களில் கல்கத்தாவில் வழக்காடினார்கள். பின்னாளில் ஜாக்சனின் ரோலர்களை இங்கிலாந்தின் மார்ஷல் கம்பெனி செய்து அனுப்பியது. இயந்திரத்தில் அவர்கள் பேர் வார்ப்பெழுத்தில் நிற்கிறது. முன்கை தேய உருட்டியவர்களின் பேர் எந்த இரும்பிலும் இல்லை.

எங்கள் ஸ்டோரில் ஒரு மாமா இருந்தார். எனக்கு வேலை பழக்கியவர். ரோலர் மேசையின் நடுக்கதவைத் திறந்தால் கொழுந்து தள்ளுவண்டிக்குள் பாதியும் தரையில் பாதியுமாகக் கொட்டும். மாமா பிஸ்கட் டின்னை வெட்டி, சைக்கிள் கம்பியைக் கீல் ஆக்கி, உள்ளங்கையில் அடங்குகிற மடிப்புப் புனல் ஒன்று செய்தார். அரிசியைக் கொட்டிப் பார்த்தார், ஒரு மணிகூடச் சிந்தவில்லை. பிறகு பெரிய தகட்டில் செய்து ரோலரில் மாட்டினார். வந்தவர் போனவருக்கெல்லாம் பெருமையாகக் காட்டினார். ஒருவர் அளவெடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருசம் அதே புனல் வேறு ஸ்டோர்களில் தொங்கியது. பேட்டன்ட் கிடைக்கிற அளவுக்கு அது புதியதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித்தர எங்களுக்கு ஆள் இல்லை.

இலங்கைக்குக் கண்டுபிடிப்பாளர் சட்டம் 1859இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் 1790 முதல் 1880 வரை பேட்டன்ட் கேட்பவர் மாதிரியைச் செய்து கொடுப்பதுதான் வழக்கம். 12 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. 1836இல் அவர்களுடைய பேட்டன்ட் அலுவலகம் எரிந்தபோது ஆயிரக்கணக்கான மாதிரிகள் சாம்பலாயின. நம் நாட்டில் இன்றைக்கு நடப்பிலுள்ள 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தில் விண்ணப்பிக்க மாதிரி தேவையில்லை. விவரமும் வரைபடமும் எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற தெளிவான வாசகமும் வேண்டும். ஆனால் மாதிரி செய்து பார்க்காதவனால் அந்த விவரத்தைச் சரியாக எழுத முடியாது. கீல் எந்தப் பக்கம் மடிய வேண்டும் என்பதை மாமாவுக்கு அந்த டின்தான் சொல்லிக்கொடுத்தது. வேலை செய்கிறவனுக்கு மாதிரியே முதல் வாத்தியார்.

ஆனால் செய்த மாதிரி ஊருக்குத் தெரிந்துவிட்டால் புதுமை போய்விடும், இதைத் தோட்டத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தானே வெளிக்காட்டிய நாளிலிருந்து ஒரு வருசத்துக்குள் விண்ணப்பித்தால் சட்டம் பொறுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வழியில்லை.

தம்பி, தங்கச்சி, உங்கள் கையில் ஒன்று உருவானால் முதலில் கொப்பியில் வரையுங்கள், தேதி போடுங்கள். கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. கண்டுபிடிப்பாளர்களுக்கென்றே 1979இன் சட்டப்படி அமைந்த ஆணைக்குழுவும் இருக்கிறது. அங்கே கேளுங்கள். மற்றவருக்குக் காட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.