பியூப்ளோ மக்களின் மட்கலங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலே, நியூ மெக்சிக்கோ, அரிசோனா ஆகிய மாநிலங்களின் வறண்ட நிலத்தில் ஊரமைத்து வாழும் தொல்குடியினர் பியூப்ளோ மக்கள் ஆவர். குயவர் சக்கரத்தைத் தொடாமலே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மட்கலம் வனைந்து வரும் பெருமை அவர்களுக்கு உண்டு. மண்ணை அவர்கள் தாயெனப் போற்றுவர்; வழிபட்ட பின்னரே தோண்டுவர். பழைய ஓடுகளையோ எரிமலைச் சாம்பலையோ பொடித்துக் கலந்து பிசைந்து, கயிறுபோல் உருட்டி, வளையத்தின்மேல் வளையமாக அடுக்கிக் கலத்தை எழுப்புவர். கூழாங்கல்லால் மெருகேற்றி, யூக்கா என்னும் செடியின் நாரால் ஆன தூரிகைகொண்டு கோலந் தீட்டித் திறந்த வெளியிலே சுடுவர்.

இக்கலையை ஏட்டில் எழுதிக் கற்பித்தாரில்லை. பாட்டியின் கையையும் வீட்டிலுள்ள பழங்கலத்தையும் பார்த்தே பேத்தி பயின்றாள். ஆகவே, பழங்கலம் ஊரைவிட்டுப் போனால் பாடமும் உடன் போய்விடும்.

அந்நிலையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நேர்ந்தது. 1879 இல் சிமித்சோனியன் நிறுவனத்தார் சூனி என்னும் ஊரை அடைந்தனர். இம்மரபு அழியுமுன் சேகரித்துவிட வேண்டுமென்பது அவர்தம் எண்ணம். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கலங்கள் வாஷிங்டன் நூதனசாலைக்குச் சென்றன. 1880 இல் அல்புகேர்க்கியை எட்டிய புகையிரதம் உலோகப் பாத்திரங்களைக் கொணர்ந்தது. உல்லாசப் பயணிகளையும் கொணர்ந்தது. தண்ணீர்க்குடம் வேண்டாதார் பெருகினர். கையடக்கமான அழகுப்பொருள் வேண்டுவோரும் பெருகினர்.

எனினும் கலை மாயவில்லை. ஹானோ என்னும் ஊரினரான நாம்பேயோ அம்மையார், அயலிலே பாழடைந்து கிடந்த சிக்கியாற்கியின் பழைய ஓடுகளை ஆராய்ந்து, அவற்றின் கோலங்களைப் புதிய கலங்களில் மலரச் செய்தார். 1895 இல் ஃபியூக்ஸ் என்னும் அறிஞர் அவ்விடத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்ட கலங்களும் அவருக்கு ஆசானாயின. முதுமையிற் பார்வை குன்றிய பின்னரும் கைகளால் தடவியே கலம் வனைந்த அவர், 1942 இல் மறைந்தார்.

சான் இல்டிபொன்சோ ஊரினரான மரியா மாட்டினெசும் அவர் கணவர் யூலியனும், 1919 ஆம் ஆண்டளவில், நெருப்பை எருப்பொடியால் மூடிப் புகையைக் கலத்தில் ஏற்றி, பளபளக்கும் கருமைமீது மங்கிய கருங்கோலம் அமைக்கும் முறையைக் கண்டனர். வாங்குவோர் மரியாவின் பெயர் பொறித்த கலத்தையே நாடினர். மரியாவோ, அயலவர் செய்த கலங்களிலும் தம் பெயரைப் பொறித்துக் கொடுத்தார். சேகரிப்பாளருக்குப் பெயர் தனியொருவரின் முத்திரை. அவ்வூராருக்கோ அது பகிர்ந்துண்ணும் உணவு போன்றது.

பழங்கலங்கள் அந்நாட்டு மண்ணிலேயே தங்கவேண்டுமென்ற நோக்குடன் 1922 இல் சாந்தா ஃபே நகரிற் சேகரிப்பொன்று தொடங்கிற்று. நூறாண்டு கழித்து, 2022 இல், அச்சேகரிப்பிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் காட்சிக்குரிய கலங்களைத் தெரிந்தெடுத்து விளக்கமும் எழுதியோர் பியூப்ளோ மக்களுள் 60 இற்கும் மேற்பட்டோர். அதுவரை கலங்களைப் பற்றிப் பிறர் எழுதிய நூதனசாலையிலே, அவற்றைத் தம் பாட்டிமாரின் கைவண்ணமாக அறிந்தவர்கள் பேசத் தொடங்கினர். கலத்தைக் காத்தால் மட்டும் மரபு காக்கப்படுவதில்லை. அதன் பொருளை உரைக்கும் உரிமையும் வனைந்தோர் வழியினரிடம் இருத்தல் வேண்டும்.