நீல அட்டை வந்த வழி

பெரியம்மா போன பத்தாம் நாள் அவருடைய கைப்பையைக் காலி செய்தோம். விபூதிப் பொட்டலம், இரண்டு இன்ஹேலர், ஏலக்காய் டப்பா, பஸ் பாஸ், மூக்குக்கண்ணாடி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நீல அட்டை. மற்றதையெல்லாம் அக்கா எடுத்துக்கொண்டாள். அட்டை என் மேசைக்கு வந்தது.

கைக்குள் அடங்குகிற அளவு. முன்பக்கம் சக்கர நாற்காலிச் சின்னம், நீளமாக ஓர் எண், காலாவதியாகும் தேதி. வெளிச்சத்தில் சாய்த்தால் மின்னுகிற ஹாலோகிராம். பின்பக்கம் புகைப்படமும் பெயரும். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்கும்போது முன்பக்கம் மேலே தெரிய வேண்டும் என்பது விதி. ஆகவே முகமும் பெயரும் கவிழ்ந்து கிடக்கும். இந்தக் காரில் வந்தவருக்கு இங்கே நிறுத்த உரிமை உண்டு என்பது மட்டும் தெருவில் போகிறவருக்குத் தெரியும். அவர் யார், அவருக்கு என்ன வியாதி என்பது தெரியாது. அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

பிரிட்டனில் இதற்குப் பெயர் புளூ பேட்ஜ். லண்டன் தமிழ்க் குடும்பங்கள் கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் இதைப் பற்றிப் பேசாத வாரம் இல்லை. பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். “அவர் நல்லாத்தானே நடக்கிறார்? அவருக்கு எப்படிக் கொடுத்தாங்க?” பெரியம்மாவைப் பார்த்தும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள், அவர் காதுபடவே.

இந்த அட்டையைப் பெற்றெடுத்தவர் ஆல்ஃப் மோரிஸ் என்று சொல்லலாம். மான்செஸ்டரின் விதன்ஷா தொகுதி எம்.பி. அவருடைய அப்பா முதல் உலகப் போரில் விஷவாயு தாக்கி, உடல் சிதைந்து வீடு திரும்பியவர். ஆல்ஃபுக்கு ஏழு வயதானபோது அந்தக் காயங்களாலேயே இறந்தார். தனி உறுப்பினர் மசோதாக்களுக்கு நாடாளுமன்றத்தில் குலுக்கல் நடத்துவார்கள். 1969இல் அந்தக் குலுக்கலில் மோரிஸ் பெயர் முதலாவதாக வந்தது. கிடைத்த வாய்ப்பை அவர் நாள்பட்ட நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான சட்டத்துக்குச் செலவிட்டார். தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலையும் தறுவாயில், 1970 மே 29 அன்று அது சட்டமானது. அதன் 21ஆம் பிரிவுதான் வாகனத்தில் வைக்கும் அடையாள அட்டையைப் பற்றியது. 1974இல் மோரிஸ் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைச்சரானார். உலகத்திலேயே அப்படி ஒரு பதவி வகித்த முதல் ஆள் அவர்தான்.

அதற்கு முன்னால் அரசு செய்துவந்தது வேறு. நடக்க முடியாதவர்களுக்கு இளநீல நிறத்தில் ஒரு மூன்று சக்கர வண்டியைக் கொடுத்தது. இன்வகார் என்று பெயர். ஓட்டுகிறவர் ஒருவர்தான் உட்காரலாம். மனைவியையோ பிள்ளையையோ ஏற்றிக்கொள்ள இடம் கிடையாது. சிறிய வண்டி, காற்றடித்தால் ஆடும். 2003இல் அதைச் சாலையிலிருந்தே விலக்கிவிட்டார்கள். எந்தக் காரில் போனாலும் கூடவே வருகிற அட்டைதான் பெரிய மாற்றம். இது வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. மகன் காரிலும் வைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் காரிலும் வைக்கலாம், டாக்சியிலும் வைக்கலாம்.

1971 டிசம்பரில் முதல் அட்டைகள் புழக்கத்துக்கு வந்தன. அப்போது நிறம் ஆரஞ்சு. அட்டையிலுள்ள சின்னத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1968இல் சுசான் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி சக்கர நாற்காலியை மட்டும் வரைந்தார். அதில் ஆள் இல்லை. அடுத்த ஆண்டு கார்ல் மோண்டன் அதற்கு ஒரு வட்டத் தலையை வைத்தார், நாற்காலி ஆளானது. அந்தச் சின்னம் உலகம் முழுக்க வழி காட்டியிருக்கிறது. ஆனால் ஊனம் என்றால் சக்கர நாற்காலிதான் என்று பார்ப்பவர் மனதில் பதிந்ததும் அதே சின்னத்தால்தான். பெரியம்மாவைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் மனதில் வைத்திருந்தார்கள்.

ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் ஒரே மாதிரி அட்டை வேண்டும் என்று 1998இல் ஐரோப்பிய ஒன்றியம் பரிந்துரைத்தது. அதை ஏற்று 2000 ஏப்ரல் 1 முதல் ஆரஞ்சு நீலமானது. 2012இல் காகித அட்டை போய், எளிதில் போலி செய்ய முடியாத இப்போதைய அட்டை வந்தது. கட்டணம் 2 பவுண்டிலிருந்து அதிகபட்சம் 10 பவுண்டுக்கு ஏறியது. போலியும் திருட்டும் அந்த அளவுக்குப் பெருகியிருந்தன. லண்டனில் ஒரு நாள் கார் நிறுத்துகிற செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த அட்டைக்காகக் கார் கண்ணாடியை ஏன் உடைக்கிறார்கள் என்பது புரியும். தவறாகப் பயன்படுத்துகிற அட்டையை அந்த இடத்திலேயே பறிமுதல் செய்யும் அதிகாரத்தை 2013இல் இன்னொரு சட்டம் கொடுத்தது. அபராதம் 1,000 பவுண்டு வரை போகும்.

பெரியம்மாவுக்கு இந்த அட்டை எளிதில் கிடைக்கவில்லை.

அவர் பிறந்து வளர்ந்தது மன்னார்குடிப் பக்கம். வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. ஆனால் முப்பது வருஷம் புகைபோக்கி இல்லாத அடுப்படியில் விறகும் வறட்டியும் வைத்துச் சமைத்திருக்கிறார். லண்டனுக்கு வந்த பிறகு டாக்டர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார். இருபது அடி நடப்பார், யாருக்கும் சந்தேகம் வராது. அதற்கப்புறம் நிற்பார். சுவரையோ கம்பத்தையோ பிடித்துக்கொண்டு, கடையில் தொங்கும் சாமான்களைப் பார்க்கிற மாதிரி நிற்பார். உண்மையில் மூச்சுக்காகக் காத்திருப்பார்.

அட்டைக்கு இரண்டு வழிகள் உண்டு. சிலருக்குத் தானாகவே கிடைக்கும்: பார்வை முற்றிலும் குன்றியவர்களாகப் பதிவானவர்கள், போர்க் காயத்துக்கான நடமாட்ட உதவித்தொகை பெறுகிறவர்கள், ‘பிப்’ என்ற உதவித்தொகையில் நடப்பதற்கான பகுதியில் 8 புள்ளியோ அதற்கு மேலோ வாங்கியவர்கள். 8 புள்ளி என்றால் 50 மீட்டருக்கு மேல் நடக்க முடியாதவர் என்று பொருள். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர் புதிதாக பிப் கேட்க முடியாது. ஆகவே பெரியம்மா போன்ற முதியவர்களுக்கு இரண்டாவது வழிதான்: கவுன்சிலுக்கு எழுதிப் போட்டு, தேவைப்பட்டால் ஒரு மருத்துவ நிபுணர் முன்னால் நடந்துகாட்ட வேண்டும். முன்பெல்லாம் குடும்ப டாக்டரின் கடிதம் போதுமாக இருந்தது. நோயாளியோடு பழகிய டாக்டர் எப்படி மறுப்பார் என்று அந்த வேலையை வெளியாளிடம் மாற்றினார்கள். அந்த மாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பரிசோதனைக்குப் போன அன்றைக்குப் பெரியம்மா நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டார். தலையை வாரிப் பூ இல்லாத குறையாகக் கிளம்பினார். காத்திருந்த இடத்திலிருந்து அறைவரை, பரிசோதிக்கிற அம்மாள் கூடவே நடந்துவந்தார். நடக்கும்போதே பரிசோதனை தொடங்கிவிட்டது என்று எங்களுக்குத் தெரியாது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பெரியம்மா சொன்ன பதில், “ஐ யாம் ஃபைன்.” எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்றதற்கு, கடைவரைக்கும் போவேன் என்றார். வழியில் நாலு தடவை நிற்பதைச் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் மறுப்புக் கடிதம் வந்தது.

“ஏன் பெரியம்மா, உள்ளதைச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“முன்னே பின்னே தெரியாதவ முன்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு நின்னா நல்லாவாடா இருக்கும்?”

இப்படி எத்தனை பேர் அட்டையை இழக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் வலியை அடுத்தவருக்குக் காட்டாமல் இருப்பதை ஒரு மரியாதையாக வளர்த்துக்கொண்டவர்கள். விண்ணப்பப் படிவமோ அதற்கு நேர்மாறானதைக் கேட்கிறது. அடுத்த முறை நான் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். புடவை கட்டி முடிப்பதற்குள் இரண்டு தடவை கட்டிலில் உட்கார வேண்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். அந்த ஒரு வரிதான் அட்டையை வாங்கிக் கொடுத்தது என்று நம்புகிறேன்.

2019 ஆகஸ்ட் 30 அன்று இங்கிலாந்தில் இந்த அட்டையின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் வந்தது. நடக்கும்போது மிகுந்த மன வேதனைக்கு ஆளாகிறவர்களுக்கும், நடப்பதால் தங்களுக்கோ பிறருக்கோ கடும் ஆபத்து நேரக்கூடியவர்களுக்கும் கதவு திறந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளை கார் கதவைத் திறந்ததும் சாலைக்குக் குறுக்கே ஓடிவிடும். அந்தப் பிள்ளையின் கால்களில் ஒரு குறையும் இல்லை. மறதி நோய் வந்த முதியவர் கார் பார்க் நடுவில் திகைத்து நின்றுவிடுவார். இவர்களுக்குக் கார் நிற்கும் இடத்துக்கும் கடை வாசலுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆபத்து. திறந்தது சரிதான். ஆனால் ஒரு கோணல் இருக்கிறது. பிப்பில் பயணத் திட்டமிடல் பகுதியில் மன வேதனைக்கான 10 புள்ளி வாங்கியவருக்கு அட்டை தானாகக் கிடைக்கும். அதே பகுதியில், பழகிய வழியில்கூடத் துணையில்லாமல் போக முடியாதவர் என்று 12 புள்ளி வாங்கியவர் தனியாக விண்ணப்பித்துப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இதற்கு எத்தனை விளக்கம் சொன்னாலும் ஒரு தாய்க்கு அது விளங்காது.

அப்போது, தங்களுக்கு இடம் கிடைக்காமல் போகுமோ என்று சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள் சிலர் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் மட்டும் இன்று 25 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகள் இருக்கின்றன. கடைகளின் கார் பார்க்கில் நூற்றுக்கு ஆறு இடம் ஒதுக்கச் சொல்கிறது வழிகாட்டு விதி. சாதாரணக் கட்டம் 2.4 மீட்டர் அகலம். மாற்றுத்திறனாளிக் கட்டத்தில் பக்கவாட்டில் கோடு போட்ட 1.2 மீட்டர் கூடுதலாக உண்டு. அந்தக் கோடுகளுக்குள்தான் சக்கர நாற்காலி இறங்க வேண்டும். கதவு முழுசாகத் திறக்கவில்லையென்றால் அந்த மனிதர் காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பெரியம்மாவுக்கு அகலம் தேவைப்படவில்லை, வாசலுக்குப் பக்கத்தில் இடம் தேவைப்பட்டது. நாற்காலிக்காரருக்கு வாசலிலிருந்து நாற்பது அடி தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, அகலம் வேண்டும். இரண்டு தேவைகளை ஒரே கட்டத்துக்குள் திணித்துவிட்டு, யாருக்கு உரிமை என்று அவர்களையே சண்டை போட வைத்திருக்கிறோம். அகலக் கட்டங்களைக் குறைக்காமல், வாசலுக்குப் பக்கத்தில் சாதாரண அகலமுள்ள கட்டங்களையும் அட்டைக்காரர்களுக்குக் கொடுத்தால் பாதிப் பூசல் அடங்கும்.

கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவருக்கு இங்கிலாந்தில் அட்டை இல்லை. குறை மூன்று ஆண்டாவது நீடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு மாதம் போதும். ஸ்காட்லாந்துக்காரர்கள் பக்கமே நான் நிற்பேன். அந்த ஒரு வருஷம் அவருக்கும் அதே தூரம்தானே?

சூப்பர் மார்க்கெட் போன்ற தனியார் கார் பார்க்குகளில் இந்த அட்டைக்கு நேரடிச் சட்ட பலம் கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாது. அந்தச் சட்டம் பொதுச் சாலைக்கானது. கடைக்காரர் தன் கட்டங்களைத் தானே காக்க வேண்டும். பல இடங்களில் அவை கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையாக எழுதியதாகாது. ஒரு தீபாவளிக்கு முந்தைய சாயங்காலம், கடைத்தெருவில் இடமே கிடைக்காமல், பெரியம்மா வீட்டில் இருக்கும்போது அவருடைய அட்டையை வைத்துக் காரை நிறுத்திவிட்டுப் போய் இனிப்பு வாங்கிவந்தேன். பத்து நிமிஷம்தான். வீட்டுக்கு வந்து பெட்டியை நீட்டினேன். எங்கே நிறுத்தினாய் என்று கேட்டார். சொன்னேன்.

“என் மூச்சை வச்சு நீ லட்டு வாங்கப் போனியா?”

பெட்டியைத் தொடவில்லை. அதற்கப்புறம் அட்டையைக் காரில் விடாமல் தன் கைப்பையில்தான் வைத்துக்கொண்டார். இப்போது கைப்பையின் அடியில் கிடைத்தது அதனால்தான். அட்டைக்கு உரிமை யாருக்கு என்று சட்டப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை அவர் ஒரே வாக்கியத்தில் எனக்குச் சொல்லிவிட்டார். அவர் அந்தக் காரில் ஏறவோ இறங்கவோ செய்யாத பயணத்துக்கு அந்த அட்டை இல்லை. குடும்பத்துக்குப் பொதுவான சொத்து அல்ல அது.

எதிரே இருக்கும் அட்டையில் காலாவதிக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அட்டைக்கு உரியவர் இறந்துவிட்டால் அதைக் கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நாளைக் காலை தபாலில் போடப் போகிறேன். இறந்த அம்மாவின், அப்பாவின் அட்டை உங்கள் வீட்டு டிராயரிலோ காரிலோ இருந்தால், இந்த வாரமே நீங்களும் அனுப்பிவிடுங்கள்.