மருந்தறிந்து கெட்டித்தல்

துப்பாக்கியின் வரலாற்றை எழுதியோர் பலர். அவர்கள் குழலைப் பற்றியும் விசையைப் பற்றியும் குண்டைப் பற்றியும் விரிவாகப் பேசினர். குழலுக்குள் ஒரு பிடிக்கும் குறைவாகக் கிடக்கும் மருந்தே துப்பாக்கிக்கு உயிர் என்பதையும், அம்மருந்தைத் தேர்ந்தெடுக்க மனிதன் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பாடம் படித்தான் என்பதையும், அப்பாடத்திற்குப் பல ஏழை உயிர்கள் விலையாயின என்பதையும் எடுத்துரைத்தோர் சிலரே. அவ்வரலாற்றை நம் வாசகர்கள் அறிதல் நலமெனக் கருதி இங்குக் கூறப் புகுகின்றோம்.

மூன்று சரக்குகள்

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பழைய கறுப்பு மருந்து. 9-ஆம் நூற்றாண்டளவில் சீன தேசத்தில் தோன்றிய இம்மருந்தின் சேர்மானங்கள், 1044-ல் தொகுக்கப்பெற்ற சீனப் படைநூலொன்றில் முதன்முதலாக எழுத்தில் காணப்படுகின்றன. கரி எரிபொருள். கந்தகம் விரைவில் தீப்பற்றச் செய்வது. வெடியுப்போ எரிதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே அடக்கி வைத்திருப்பது. ஆகவேதான் அடுப்பிலிட்ட கரிக்குக் காற்று வேண்டியிருக்க, அடைபட்ட குழலுக்குள் இருக்கும் மருந்துக்கு வெளிக்காற்று வேண்டியதில்லை.

ஆதியில் இம்மருந்தை மாவுபோல் இடித்தே வைத்திருந்தனர். வண்டியில் ஏற்றிச் சென்றால் சரக்குகள் தனித்தனியே பிரிந்துவிடும்; மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும்; இறுகக் கெட்டித்தால் நெருப்பு உள்ளே புகாது. 15-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அம்மாவை ஈரமாக்கி, கட்டியாக்கி, உலர்த்தி உடைத்துக் குருணையாக்கக் கற்றனர். குருணைகளுக்கிடையே இருக்கும் சந்துகளின் வழியே தீ ஓடியது. மருந்து முன்னிலும் வலுவாக எரிந்தது. சரக்கு ஒன்றே, சேர்மானமும் ஏறத்தாழ ஒன்றே, உருவம் மாறிய மாத்திரத்தில் குணமும் மாறிற்று! கைத்துப்பாக்கிக்குப் பொடிக் குருணை, பீரங்கிக்குப் பருங்குருணை என்ற வழக்கம் இதிலிருந்தே பிறந்தது.

பாட்னாவின் மண்சுவர்

மூன்றில் அருமையானது வெடியுப்பே. உலகிற்கு அதை மிகுதியாக அளித்தது பீகார் நாடு. அங்கே நூனியா என்னும் உழைப்பாளர் சாதியினர், பழைய மண்சுவர்களிலும் மாட்டுத் தொழுவங்களிலும் வெண்மையாகப் பூக்கும் உப்பு மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தனர். பிளாசிச் சண்டைக்கு அடுத்த ஆண்டாகிய 1758-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இவ்வாணிபத்தைத் தமக்கே உரித்தாக்கிக்கொண்டனர். இங்கிலாந்து செல்லும் கப்பல்களின் அடித்தட்டில் பாரமாக நிரப்பப்பட்டது இவ்வுப்பே. தொழுவ மண்ணைச் சுரண்டிய நூனியாவின் உழைப்பு, அவன் கண்டிராத கடல்களில் அவன் அறியாத சண்டைகளை நடத்தியது.

இந்திய வெடியுப்பு பகைவர் கைக்குப் போனமையால் பிரான்சு தேசம் தவித்தது. 1775-ல் மருந்துத் தொழிலைச் சீர்திருத்தும் பொறுப்பைப் பெற்றவர்களுள் ஒருவர் இரசாயன மேதை லவோசியே. அவரிடம் தொழில் பயின்ற து போன் என்னும் இளைஞரே பின்னர் அமெரிக்கா சென்று, 1802-ல் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் மருந்தாலை நிறுவினார். 1788-ல் வெடியுப்புக்குப் பதிலாக வலிமை மிக்க வேறோர் உப்பையிட்டு எஸ்ஸோன் ஆலையில் ஒரு பரீட்சை நடத்தினர். மருந்து வெடித்து இருவர் மாண்டனர். லவோசியே மயிரிழையில் தப்பினார். வலிமை மிகுந்த மருந்தே நல்ல மருந்து என்னும் எண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதை அன்றே உலகம் கண்டது.

கடலூரில் மறைந்த அறிஞர்

மருந்தின் தரத்தை அறிய முற்காலத்தார் கையாண்ட வழிகள் வேடிக்கையானவை. ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் கொளுத்திக் கறை படிகிறதா எனப் பார்ப்பர். விரலால் தேய்த்துப் பார்ப்பர். இன்னார் ஆலைச் சரக்கென்றால் நம்பி வாங்குவர். கணக்கால் அளந்து பார்க்கும் வழியைக் காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். கனத்த மரக்கட்டையொன்றை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு, அதன்மேல் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். 1742-ல் அவர் வெளியிட்ட நூலைக் கணித மேதை ஆய்லர் மூன்றே ஆண்டுகளில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

இவர் நம் தமிழகத்தோடு தொடர்புடையவர். கம்பெனியாரின் கோட்டைகளைச் செப்பனிட அனுப்பப்பெற்று, 1751-ல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தார். குண்டின் வேகத்தைக் கணக்கிட வழி காட்டியவரின் வாழ்வு கடலூர்க் கரையில் முடிந்தது என்பதை நம்மவர் எத்தனை பேர் அறிவர்?

சுள்ளியும் கட்டையும்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பீரங்கிகள் பெருத்தன. பெருத்தவை அடிக்கடி வெடித்துச் சிதறின. அமெரிக்கப் படையதிகாரி ராட்மன் காரணத்தை ஆராய்ந்தார். அடுப்பூட்டும் நம் பெண்மணிகளுக்கு அவர் கண்ட உண்மை புதிதன்று. சுள்ளி பொசுக்கென எரிந்து அணையும், கட்டை நின்றெரியும். பொடி மருந்து, குண்டு நகரத் தொடங்குமுன்பே முழுதும் எரிந்து, குழலின் அடியைப் பிளக்கிறது. பெரிய கட்டியோ மெல்ல எரிந்து, குண்டு ஓடும் தூரமெல்லாம் தொடர்ந்து தள்ளுகிறது. அதற்கும் மேலே ஒருபடி சென்று, கட்டியில் துளைகள் இட்டார். வெளிப்புறம் எரிந்து சுருங்கச் சுருங்கத் துளைகள் எரிந்து அகன்றன. ஆகவே குண்டு விரைய விரைய வாயுவும் குறையாது பெருகிற்று.

புகை நீங்கிய மருந்து

கறுப்பு மருந்தில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் புகையாகவும் கரியாகவும் நிற்கும். சில வேட்டுகளில் குழல் அடைபடும். சுட்டவன் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரியும். 1846-ல் சோன்பைன் என்னும் அறிஞர் பஞ்சை அமிலத்தில் தோய்த்து வெடிப்பஞ்சு கண்டபோது உலகம் மகிழ்ந்தது. மறு ஆண்டே இங்கிலாந்தில் பேவர்ஷாம் ஊரில் அதைச் செய்த ஆலை வெடித்துப் பலர் மாண்டனர். பஞ்சு எரியும் வேகத்தை எவரும் அடக்க முடியவில்லை.

1884-ல் பால் வியேய் என்னும் பிரெஞ்சுக்காரர் வெடிப்பஞ்சைச் சாராயமும் ஈதரும் கலந்து களியாக்கி, தகடாகத் தேய்த்து, உலர்த்தித் துண்டாக்கினார். பஞ்சின் நுண்துளைகள் ஒழிந்தன. மேற்புறத்திலிருந்து ஒழுங்காக எரிந்தது. 1887-ல் நோபல் நைட்ரோகிளிஸரினைச் சேர்த்து வேறொரு மருந்து கண்டார். 1889-ல் ஆபெல், டூவர் என்னும் இருவர் அதைப் போன்றதொன்றைக் கயிறுபோல் இழுத்துக் கார்டைட் எனப் பெயரிட்டனர். நோபல் தொடுத்த வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று 1895-ல் தோற்றது.

மருந்து மாறினால் துப்பாக்கியும் மாற வேண்டும் என்பதற்கு ஆங்கிலேயரின் லீ மெட்போர்டு துப்பாக்கியே சான்று. கறுப்பு மருந்துக்கென ஆழமில்லாத வரிகள் வெட்டப்பட்ட அதன் குழல், கார்டைட்டின் கடுஞ்சூட்டில் விரைவில் தேய்ந்தது. ஆழ்ந்த வரிகளையுடைய லீ என்பீல்டு 1895-ல் வந்தது இக்காரணத்தாலேயே.

கையால் கெட்டிப்போர்

அமெரிக்காவின் சமவெளிகளில் 1870-களில் எருமை வேட்டையாடியோர், சுட்ட பித்தளைக் கூட்டை எறிவதில்லை. இரவில் தீயோரம் அமர்ந்து ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, புது கேப்பு வைத்து, மருந்தளந்து மறுபடி கெட்டிப்பர். ஏழை வேடனுக்கு அது சிக்கனம். கறுப்பு மருந்தை அவர்கள் கிண்ணத்தால் அளந்தனர். கூடு நிறையப் பெய்தனர். அத்துப்பாக்கிகள் அதைத் தாங்கின.

புகையில்லா மருந்து வந்ததும் அப்பழக்கமே எமனாயிற்று. அதே கிண்ணத்தால் அளந்தால் அதில் பன்மடங்கு ஆற்றல் அடங்கியிருந்தது. பழைய துப்பாக்கிகள் வெடித்தன. விரல்களும் கண்களும் போயின. இதைக் கண்டு சில ஆலையார், கறுப்பு மருந்துக்கு ஈடாகக் கிண்ணத்தால் அளக்கத்தக்க பருத்த மருந்துகளைச் செய்தனர். மற்றவையோ நிறுத்தே இடத்தக்கவை. ஒன்றை மற்றொன்றாகக் கருதியவன் கதி என்ன என்று சொல்லவேண்டுவதில்லை.

அன்று முதல் கையால் கெட்டிப்போர் மதியின்றித் தொழில் செய்தல் இயலாதாயிற்று. சிறு கூட்டிற்கும் இலேசான குண்டிற்கும் விரைந்தெரியும் மருந்து. பெருங்கூட்டிற்கும் கனத்த குண்டிற்கும் மெல்லெரியும் மருந்து என்பது பொது விதி. ஆயினும் விதியை மட்டும் நம்பி அளவை எவரும் ஊகிக்கலாகாது. ஆலையார் அழுத்தம் அளந்து அச்சிட்ட அட்டவணையே ஆதாரம். இரண்டு மருந்துகள் நிறத்தாலும் உருவாலும் ஒன்றுபோல் தோன்றலாம். எரியும் வேகத்தால் அவை பகைவர். ஆதலின் சீட்டுக் கிழிந்த டப்பாவில் உள்ளதை எவ்வளவு விலை பெறினும் கொட்டி அழிப்பதே அவர்கள் கண்ட முறை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் அமெரிக்க சர்க்காரிடம் மிஞ்சிய 4895 என்னும் மருந்தை புரூஸ் ஹாட்ஜன் என்பவர் மொத்தமாக வாங்கிக் கைகெட்டிப்போருக்கு விற்றபோது, மலிவுச் சரக்கானாலும் இன்ன மருந்து என்ற பெயர் தெரிந்திருந்தமையாலேயே அது பயன்பட்டது.

விலை கொடுத்தோர்

மருந்து கெட்டுப்போவதும் உண்டு. வியேயின் மருந்து நாட்பட அழுகித் தானே தீப்பற்றியமையால், தூலோன் துறைமுகத்தில் 1907-ல் ஈயேனா, 1911-ல் லிபர்ட்டே என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வெடித்து நூற்றுக்கணக்கான மாலுமிகள் மாண்டனர். கெடாமல் காக்கும் சரக்கைச் சேர்த்தலும், இருப்பை அடிக்கடி சோதித்தலும் அதன்பின் கண்டிப்பாயின.

முதல் உலக யுத்தத்தில் ஸ்காட்லாந்தின் கிரெட்னா ஆலையில் கார்டைட்டுக்குரிய களியைக் கையால் பிசைந்தோரில் பெரும்பாலோர் பெண்கள். நீலகிரியில் குன்னூருக்கருகே அருவங்காட்டில் 1903-ல் தொடங்கப்பெற்ற கார்டைட் தொழிற்சாலையும் தலைமுறை தலைமுறையாக உழைப்பாளர் கையாலேயே நடந்து வருகிறது. தளபதிகளின் பெயர் சிலையில் நிற்கிறது. பிசைந்தோர் பெயர் சம்பளப் புத்தகத்தோடு போயிற்று.

வாசகர்களே! இவ்வரலாற்றில் மாண்டோரில் பலர் மருந்தின் கொடுமையால் மட்டும் மாண்டாரல்லர். 'நேற்றுவரை இப்படித்தானே அளந்தோம்' என்ற பழக்கத்தால் மாண்டனர். 'வலுவானது தானே நல்லது' என்ற மயக்கத்தால் மாண்டனர். இருப்பைச் சோதிக்காத மேலாளரின் அலட்சியத்தால் மாண்டனர். தோட்டத்து மருந்தடிப்பவரானாலும் நகரத்துப் பட்டறைத் தொழிலாளியானாலும், கையிலெடுக்கும் டப்பாவின் சீட்டைப் படிக்கவும், படிக்கத் தெரியாவிடில் படித்தவரைக் கேட்கவும், சீட்டில்லாததை மறுக்கவும் உரிமையுடையவர். எழுத்தறிவு உயிர் காக்கும் கவசம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?