அணைய மறுக்கும் விளக்கு

விளக்கு என்பது இருளை ஓட்டி வழி காட்டுவது. ஆயினும், உரியவரே ‘இஃது என்று அணையுமோ?’ என்று ஏங்கும் விளக்கு ஒன்றும் உலகில் உண்டு. பழைய லோரியின் முகப்புப் பலகையில் மஞ்சள் ஒளியோடு எரியும் ‘செக் எஞ்சின்’ விளக்கே அது. ஓட்டுநர் அதனைத் தொல்லை என்பர். அஃது எதற்காகப் பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை அறிந்தார்க்கே அதன் பேச்சும் விளங்கும்.

1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கடும் புகைமூட்டம் சூழ்ந்தது. கண்கள் எரிந்தன, மூச்சுத் திணறியது. போர்க்காலமாதலின், பகைவர் நச்சுவாயுவை ஏவினரோ என்று அஞ்சினோரும் உண்டு. 1950களின் தொடக்கத்தில், டச்சு நாட்டில் பிறந்த வேதியியல் அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மிட் உண்மையை வெளிப்படுத்தினார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் உமிழும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கதிரவன் ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று நிறுவினார். ஊரார் தேடிய பகைவன் அவரவர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான்!

1967இல் கலிபோர்னியாவில் காற்றுவள வாரியம் அமைந்தது. 1970இல் அமெரிக்க நாடு முழுமைக்குமான தூய காற்றுச் சட்டம் வலுப்பெற்றது. அதன் விளைவாக, 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கருவி பரவலாக இடம்பெற்றது. பின்னர் வந்த மும்முனை வினையூக்கியோ, காற்றும் பெட்ரோலும் எடையளவில் ஏறத்தாழ 14.7க்கு 1 என்னும் விகிதத்தில் கலந்தால்தான் செவ்வனே பணிபுரியும். அவ்விகிதத்தைக் காக்கப் புகையை முகர்ந்து பார்க்கும் ஆக்சிஜன் உணரி தேவைப்பட்டது. 1976இல் போஷ் நிறுவனத்தின் உணரி வால்வோ கார்களில் ஏறியது. உணரி உரைப்பதைக் கேட்டு எரிபொருளை அளந்தளிக்கக் கணினி வந்தது. கணினி தன் குறையை மனிதனிடம் முறையிட ஒரு வாய் வேண்டுமன்றோ? 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பெட்ரோல் கார்களில் கணினியுடன் வந்த விளக்கே அவ்வாய்.

1988ஆம் ஆண்டு மாதிரி முதல் கலிபோர்னியா இத்தகைய தற்சோதனை முறையை விதியாக்கியது. அக்காலத்துச் செவர்லே பிக்கப் லோரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்புப் பலகையின் அடியிலுள்ள இணைப்பானில் ஏ, பி என்னும் இரு முனைகளைக் கம்பியால் இணைத்து, இயந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டு, சிறு இடைவெளி, பின் இரு சிமிட்டு: இது 12. ‘பேசத் தயார்’ என்பது அதன் பொருள். அதன்பின், நினைவிலுள்ள ஒவ்வொரு குறியீட்டையும் மும்முறை சொல்லும்.

44 என்று சொன்னால், புகையில் ஆக்சிஜன் மிகுந்துள்ளது, எரிபொருள் குறைந்துள்ளது எனப் பொருள். இவ்விடத்தில்தான் பலர் வழி தவறுகின்றனர். உணரி பேசியதால் உணரியே பழுது என்று கருதிப் புதியதை வாங்கி மாட்டுகின்றனர். பணம் கரைகிறது, சில நாளில் விளக்கோ மீண்டும் எரிகிறது. உண்மையில், உணரிக்கு முன்னுள்ள புகைக்குழாய் இணைப்பில் கசிவிருந்தால் வெளிக்காற்று உட்புகுந்து அவ்வாறு காட்டும். வெற்றிடக் குழாய் வெடித்திருக்கலாம். எரிபொருள் அழுத்தம் தாழ்ந்திருக்கலாம். தீங்கைக் கண்டு கூவும் காவலனைக் கள்வனென்று துரத்துவது முறையாகுமா?

நிறுவனத்திற்கொரு மொழியாக இருந்த இந்நிலையை மாற்ற, 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம் வழிசெய்தது. 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களும் இலகு லோரிகளும் பதினாறு முனை இணைப்பானையும் பொதுக் குறியீடுகளையும் பெற்றன. பி0455 என்றால் பெட்ரோல் ஆவி பெருமளவில் கசிகிறது. கலத்தின் மூடியைச் சரியாகத் திருகாததே காரணமாக இருத்தலும் உண்டு. பி0420 என்றால் வினையூக்கியின் திறன் குன்றியதாகக் கணினி ஐயுறுகிறது. பெரும்பாலான குறைகளை அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் கண்டபின்னரே விளக்கு எரியும். மூன்று ஓட்டங்களில் குறை தோன்றாவிடில் தானே அணையும். எனவே, அணையாத விளக்கு அகலாத குறையையே உணர்த்துகிறது. விட்டுவிட்டு மின்னினாலோ, எரிதல் தவறி வினையூக்கியே அழியும் நிலை. வேகத்தை உடனே தணித்தல் வேண்டும்.

கலிபோர்னியாவில் 1984 முதல் புகைச்சோதனை நடைபெற்று வருகிறது. விளக்கெரியும் வண்டி அச்சோதனையில் தேறாது. தேறாத வண்டியின் பதிவைப் புதுப்பிப்பது அரிது. பழைய லோரி ஒன்றையே நம்பித் தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் உழைப்பாளிக்கு இது வயிற்றுப் பிரச்சினையாகும். ஆதலால் சிலர் விளக்கின்மேல் ஒட்டுத்தாளை ஒட்டுகின்றனர். சிலர் குமிழையே கழற்றுகின்றனர். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து காட்டவேண்டும் என்பதும் விதியாதலின், அச்சூழ்ச்சி பலிப்பதில்லை. மின்கலத்தைக் கழற்றி நினைவை அழித்தாலோ, 1996க்குப் பிந்திய வண்டிகளில் தற்சோதனைகள் நிறைவுறவில்லை என்று கணினியே காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டம் கடுமையானதுதான். ஆயினும், விளக்கின் சொல்லைப் பொறுமையுடன் கேட்பவனுக்குச் செலவு குறைவு. குறியீட்டைப் படித்து, குழாய்களையும் கம்பிகளையும் மூடியையும் முதலில் நோக்கி, காரணம் உறுதியான பின்னரே பொருளை வாங்குதல் அறிவுடைமை. ஏழைத் தொழிலாளியின் கூலியும் ஊரார் மூச்சும் ஒருங்கே காக்கப்படும் வழி அதுவே. அச்சிறு மஞ்சள் ஒளி ஒரு நகரத்தின் கண்ணீரிலிருந்து பிறந்தது. அதனை மறைப்போர் தம் பிள்ளைகள் உள்வாங்கும் காற்றையன்றோ மாசுபடுத்துகின்றனர்!