சத்தத்தைப் படமாக்கின ஆய்வுக்கூடம்

ஆர் மொழியில ஸீவேவ் தொகுப்பைத் திறந்து ‘ஸ்பெக்ட்ரோ’ன்னு ஒரு வரி எழுதுங்க. ஒரு பறவையோட குரல் உடனே படமா வந்துடும்: குறுக்கே நேரம், நெடுக்கே அதிர்வெண், நிறத்துல வலிமை.

1940-கள்ல இதுக்குத் தனி மெஷினே வேணும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து ஸ்பெக்ட்ரோகிராஃப், 2.4 விநாடிப் பேச்சைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அதிர்வெண்களைப் பிரிச்சு, காகிதத்துல வரையும். அதுக்கே சில நிமிஷம் ஆகும்.

காது கேளாதவங்க பேச்சைக் கண்ணால படிக்கணும்ங்கிறது ரால்ஃப் பாட்டர் குழுவோட கனவு. 1947-ல ‘விசிபிள் ஸ்பீச்’னு புத்தகமே போட்டாங்க. ஆனா அன்றாடப் பேச்சுக்கு அது கைகொடுக்கலை.

படம் மட்டும் நிலைச்சுது. 1950-கள்ல கேம்பிரிட்ஜ்ல வில்லியம் தோர்ப், சாஃபிஞ்ச் குருவி பாட்டைக் கேட்டுத்தான் சரியா கத்துக்குதுன்னு இதை வெச்சே காட்டினார்.

இன்னொரு விஷயம்: ஆர் மொழிக்கு முன்னோடியான எஸ் மொழி 1976-ல பிறந்ததும் அதே பெல் ஆய்வுக்கூடத்துலதான்.