விளையும் டவுனும்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீ குடிச்சுக்கிட்டே போற வாற பஸ் போர்டுகளை வாசிச்சுப் பாருங்க. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. அம்மாண்டிவிளை, பெருவிளை, வாத்தியார்விளை, வட்டவிளை, சரக்கல்விளை, பள்ளிவிளை. எத்தனை விளை! சென்னையில் இருந்து வந்த என் மருமகனுக்குத் தெரிந்த பையன் ஒருத்தன், "இங்க எல்லா ஊருக்கும் விலை போட்டு வச்சிருக்காங்களே மாமா" என்று கேட்டான். இங்கிலீஷ் எழுத்தில் வாசித்தால் அப்படித்தான் வரும். அது விலை இல்லை, விளை. நெல் விளைகிறது, தேங்காய் விளைகிறது என்கிறோமே, அந்த விளை.

எங்க பக்கத்தில் நிலம் ரெண்டு வகை. தண்ணி தானாகப் பாயும் தாழ்ந்த நிலம் வயல். குளத்துத் தண்ணியும் கால்வாய்த் தண்ணியும் ஏறாத மேட்டு நிலம் விளை. வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு ரெண்டு பூ நெல். விளையில் தென்னை, பனை, மா, பலா, புளி, கொல்லாமாவு, மரச்சீனி, வாழை, முருங்கை, எது நிற்குமோ அது. தஞ்சாவூர்க்காரர் இதைக் கொல்லை என்பார். கொங்கு நாட்டில் காடு, தோட்டம் என்பார்கள். கேரளத்தில் வடக்கே போனால் பறம்பு. குமரி மாவட்டத்திலும், கிழக்கே திருச்செந்தூர், நாசரேத் பக்கத்திலும், மேற்கே திருவனந்தபுரம், கொல்லம் வரையிலும் இதற்கு விளைதான் பெயர். கொல்லம் நகரத்திலேயே தெக்கேவிள என்று ஒரு பகுதி இருக்கிறது. மலையாளத்தில் கடைசி ஐ தேய்ந்து போய் விள ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு தோட்டத்தின் பெயர் ஊர்ப்பெயர் ஆனது எப்படி? இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வயலில் யாரும் வீடு கட்ட மாட்டார்கள். தண்ணி நிற்கும், பாம்பு வரும், அதுக்கு மேலே நெல் விளையும் இடத்தை வீட்டுக்கு விடுவதற்கு மனசு வராது. வயலூர்களில் எல்லாரும் ஒரே இடத்தில், தெருவாக, கோயிலைச் சுற்றி இருப்பார்கள். விளை அப்படி இல்லை. பனையேறுகிறவர் பனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அக்கானி காய்ச்சும் விடிலி அங்கேதான் இருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் இடம் வேண்டும். அதனால் விளைக்கு உள்ளேயே குடிசை போட்டார்கள். மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆனதும் தெற்கு ஓரத்தில் இன்னொரு குடிசை. பிறகு ஒரு கிணறு, ஒரு சாமி, ஒரு பெட்டிக்கடை. மூணு தலைமுறையில் முப்பது வீடு வந்துவிடும். அப்போது யாராவது "எங்க போறீரு?" என்று கேட்டால், "வட்டவிளைக்கு" என்று பதில் வரும். தோட்டத்தின் பெயர் அப்படியே ஊரின் பெயராகி விடுகிறது.

பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் கதை தெரியும். சில விளை மரத்தின் பேரில். சில விளை ஆளின் பேரில், தொழிலின் பேரில். வாத்தியார்விளை யாரோ ஒரு வாத்தியாருடையதாக இருந்திருக்க வேண்டும். சிலது அளவின் பேரில், பெருவிளை மாதிரி. கிழக்கு மேற்குக்கும் உண்டு, கீழப்பெருவிளை என்று. எங்க பக்கத்து சாமிதோப்புக்கு முன்பு பூவண்டன்தோப்பு என்றும் சாஸ்தாங்கோவில்விளை என்றும் பெயர். அய்யா வைகுண்டர் 1809இல் பிறந்த ஊர் அது. திருச்செந்தூர் பக்கம் வெள்ளாளன்விளை இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆன அசரியா 1874இல் அங்கேதான் பிறந்தார். பெரிய ஆட்கள் விளையிலும் பிறந்திருக்கிறார்கள் என்பதற்குச் சொல்கிறேன்.

இப்போது பள்ளிவிளைக்கு வருவோம். அங்கே ஒரு ரயில்வே ஸ்டேஷன் உண்டு. ரயில்வேக்காரர்கள் வைத்த பெயர் நாகர்கோவில் டவுன். ஊர்க்காரர்களுக்கு அது பள்ளிவிளை ஸ்டேஷன். ஒரே பிளாட்பாரத்துக்கு ரெண்டு பேர். ஒண்ணு நாட்டுப்புறப் பேர், இன்னொண்ணு நாகரிகப் பேர் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தவன்தான். டவுன் என்ற சொல்லின் பூர்வீகம் தெரிந்த பிறகு சிரிப்பு வந்தது.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய இங்கிலீஷில் அந்தச் சொல் 'டூன்'. அதற்கு அர்த்தம் நகரம் இல்லை. வேலி, வேலி போட்டு அடைத்த இடம். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் வேலிக்குப் பேர் 'ட்சவுன்'. டச்சுக்காரர் அதே சொல்லைத் தோட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். எங்க மயிலாடிக்கு 1806இல் வந்து, 1809இல் இங்கே சர்ச் கட்டிய மிஷனரி ரிங்கல்தௌபே ஜெர்மன்காரர். எங்க விளைகளின் வேலியைப் பார்த்து அவர் மனசுக்குள் வந்திருக்கக்கூடிய சொல்லும் இதே குடும்பத்துச் சொல்தான்.

வேலி போட்ட இடத்தில் ஒரு வீடு, ஒரு தொழுவம். அதைச் சுற்றி இன்னும் வீடு. பிறகு கிராமம், பிறகு சந்தை, பிறகு நகரம். நம்ம விளை போன அதே வழியில் டூனும் போயிருக்கிறது. நடந்து நடந்து டவுன் ஆனது. ஊர்ப்பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டது தேய்ந்து 'டன்' ஆனது. இங்கிலாந்தில் நார்ட்டன் என்றால் வடக்கு டூன். சட்டன் என்றால் தெற்கு டூன். வெஸ்டன் மேற்கு. நியூட்டன் புது டூன். நம்ம தெக்கேவிளையும் கீழப்பெருவிளையும் அவர்களிடமும் இருக்கிறது, வேற பாஷையில். குன்னூர் பக்கம் இருக்கிற வெலிங்டனிலும் அதே வால்தான். அது வெலிங்டன் பிரபுவின் பேரில் வந்தது. அவருக்கு அந்தப் பட்டம் இங்கிலாந்தில் ஒரு ஊரின் பேரில் வந்தது.

ஊர்ப்பெயர் ஆளின் பெயராகவும் மாறும். ஐசக் நியூட்டனை எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர்க் கணக்கில் அவர் 'புதுவிளை ஐசக்'. ஜார்ஜ் வாஷிங்டன் கதை இன்னும் நல்லா இருக்கும். இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம் பக்கத்தில் வாஷிங்டன் என்று ஒரு ஊர். 12ஆம் நூற்றாண்டில் வில்லியம் என்று ஒருவருக்கு அந்த நிலம் கிடைத்தது. தன் பழைய ஊர்ப்பேரை விட்டுவிட்டு இந்தப் பேரை வைத்துக்கொண்டார். அந்த வம்சத்தில் ஒருத்தர் 17ஆம் நூற்றாண்டில் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ். 1791இல் புதுத் தலைநகருக்கு அவர் பெயரை வைத்தார்கள். உலகத்தையே ஆட்டிவைக்கிற ஊரின் பெயருக்குள் ஒரு பழைய விவசாயியின் வேலி இருக்கிறது. அது அந்தப் பெயருக்குக் குறைச்சல் என்று அமெரிக்காக்காரர் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தகப்பனார் இனிஷியல்தான். ஆனால் விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டுப்பேர் உண்டு. தெக்கேவிளை வீடு, புத்தன்விளை வீடு என்று கல்யாணப் பத்திரிகையிலும் அடிப்பார்கள். திருவனந்தபுரத்துக்காரர் 'விளயில்' என்று பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுவதும் உண்டு. வளைகுடாவுக்குப் போகிற பையன்களிடம் பாஸ்போர்ட் பாரத்தில் குடும்பப்பெயர் கேட்கும்போது, சிலர் அந்த வீட்டுப்பேரையே கொடுத்துவிடுகிறார்கள். வாஷிங்டனுக்கு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது நம்ம பையன்களுக்கு இப்போது நடக்கிறது.

பேச்சில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. "அப்பா எங்கடே?" "விளைக்குப் போயிருக்காரு." "மாட்டை விளையில கெட்டு." "விளையில கெடந்து ரெண்டு தேங்கா பெறக்கிட்டு வா மக்கா." இப்படிப் பேசும்போது நாங்கள் யாரும் ஊர்ப்பெயரை நினைப்பதில்லை.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வயலுக்கு ஆள் உண்டு, விளைக்கு ஆள் இல்லை. வயலூர்களுக்குப் பெரிய கோயில் உண்டு, கல்வெட்டு உண்டு. நாஞ்சில் நாடு என்றாலே நெல்லைத்தான் பேசுவார்கள். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடித்தது வயலுக்குத் தண்ணி கொண்டுவரத்தான். விளைக்கு வானம், இல்லையென்றால் கிணறு. வயல் இல்லாதவன்தான் மேட்டுக்கு வந்து கல் பொறுக்கி, முள் வெட்டி, கன்று வைத்து அதை விளை ஆக்கினான். 1865இல் திருவிதாங்கூர் அரசு பண்டாரப்பாட்ட விளம்பரம் என்று ஒன்று போட்டது. சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்களுக்கே அதில் முழு உரிமை வந்தது. விற்கலாம், ஒத்தி வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். அதற்குப் பிறகுதான் அப்படிப்பட்ட குடியானவன் தைரியமாகத் தன் மண்ணில் தென்னை வைத்தான். தென்னை நாளைக்கே காய்க்கிற மரம் இல்லையே. மண் தனக்கு நிலைக்கும் என்று நம்பினால்தான் தென்னை வைப்பான்.

விளை சோறு போட்ட காலமும் உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பயிர் செய்யச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர். அது மேட்டு நிலத்துப் பயிர். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்று போனது. வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பட்டினி. அந்த வருஷங்களில் ஏழை வீட்டு அடுப்பில் வெந்தது மரச்சீனிதான். எங்க பாட்டா சொல்வார், "வயலு நெல்லு தந்துது, விளை உசிரு தந்துது" என்று. அவர் அந்தப் பசியைப் பார்த்தவர்.

இப்போது நடக்கிறதைச் சொல்கிறேன். எனக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக வயலும், அறுபது சென்ட் விளையும் இருக்கிறது. என் விளைக்குப் பேர் புளியடிவிளை. புளி இப்போது இல்லை, பேர் இருக்கிறது. அதற்குக் கிழக்கே இருந்த பெரிய விளையை வாங்கினவர்கள் தென்னை அத்தனையையும் தள்ளி, செம்மண் அடித்து, கல் நட்டு மனை ஆக்கிவிட்டார்கள். வாசலில் ஒரு வளைவு. அதில் ஏதோ நகர் என்று எழுதியிருக்கிறது. விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். மகள் கல்யாணம், கடன், தேங்காய் வெட்டக் கூலி கொடுத்தால் மிச்சம் இல்லை. எனக்கும் அதே கணக்குதான். ஆடிக்காற்றில் வாழை சாய்ந்தால் நானும் அந்த வளைவைப் பார்க்கிறேன்.

நிலம் கைமாறுவதைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் பேரும் சேர்ந்து போகிறது. பழைய பத்திரங்களில் நாலு எல்லையும் பேரோடு இருக்கும், தெற்கே இன்னார் விளை, வடக்கே இன்ன விளை என்று. இப்போது சர்வே நம்பர் இருந்தால் போதும். எனக்கு வந்த ஒரு காகிதத்தில் 'புளியடிவிலை' என்று அச்சாகி இருந்தது. இங்கிலீஷில் இருந்து யாரோ தமிழுக்கு மாற்றியிருக்கிறார்கள். விளை விலையாகிப் போனது எழுத்துப் பிழைதான். இருந்தாலும் நாட்டு நடப்பு அதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

போன மாசம் எங்க பக்கத்து விளைக்காரர்கள் கூடி, ஊர்ப்பேரையே நகர் என்று மாற்ற மனு கொடுக்கலாம் என்று பேசினார்கள். "விளைன்னு சொன்னா பொண்ணு குடுக்கவே யோசிக்கான் அண்ணாச்சி, பட்டிக்காடுன்னு நெனைக்கான்" என்று ஒரு தம்பி வருத்தப்பட்டுச் சொன்னான். அவன் வருத்தம் பொய் இல்லை. சாதிப்பேர் ஒட்டியிருக்கிற விளையும் உண்டு, அதை மாற்ற நினைக்கிறவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. முன்னால் இருக்கிற பேரை மாற்றுங்கள், பின்னால் இருக்கிற விளையை விட்டுவையுங்கள் என்றுதான் நான் சொன்னேன். அது உங்க பாட்டனார் கல் பொறுக்கின மண் என்பதற்கு வேற சாட்சி கிடையாது. டவுனும் ஒரு காலத்தில் வேலிக்குள் இருந்த தோட்டம்தான் என்றும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒரு வயசான அக்கா மட்டும், "அப்போ நம்ம விளையும் டவுனும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள். "ஒண்ணுதான் அக்கா, அவன் பேரை விடல்லை" என்றேன். மனு இன்னும் எழுதி முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போவேன்.

உங்களில் பாதிப் பேருக்குத் தாத்தா ஊரில் ஒரு துண்டு நிலமாவது இருந்திருக்கும். வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்து, நாலு எல்லையையும் ஒரு தடவை வாசியுங்க. விளையோ, கொல்லையோ, காடோ, ஏதாவது ஒரு பேர் அதில் இருக்கும். நிலம் கைவிட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பேரை ஒரு நோட்டில் குறிச்சு வைங்க. பேரப்பிள்ளை என்றைக்காவது கேட்பான்.